கதவில் ஒட்டிய நோட்டீஸ்

மறுப்புக் கடிதம் ஒன்றரைப் பக்கம்தான். காப்பீட்டு நிறுவனங்களின் இந்த வகைக் கடிதங்களை ஏராளமாகப் பார்த்தவன் நான். ‘வருந்துகிறோம்’ என்று ஆரம்பித்து ஏதாவது ஒரு விலக்குப் பிரிவின் எண்ணில் போய் முடியும். இதில் இரண்டு காரணங்கள் இருந்தன. நோயாளிக்கு வந்திருப்பது மரபணுக் கோளாறு, பாலிசியில் அதற்கு நிரந்தர விலக்கு உண்டு என்பது முதல் காரணம். பாலிசி எடுப்பதற்கு முன்பே நோய் இருந்தது, அதை மறைத்துவிட்டார் என்பது இரண்டாவது. தேதி 2016 அக்டோபர்.

கடிதத்தைக் கொண்டுவந்தவர் மதுரை தெற்கு ஆவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை வைத்திருந்த பத்தர். வயது முப்பத்தாறு. மூளைக்குள் மின்கம்பி பதிக்கும் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மழித்த தலையில் முடி முளைத்தும் முளைக்காமலும் இருந்தது. காறை எலும்புக்குக் கீழே, சட்டைக்குள் தீப்பெட்டி வைத்ததுபோல் ஒரு மேடு, அதுதான் பேட்டரி. செலவு ஒன்பதரை லட்சம். பாலிசித் தொகை ஐந்து லட்சம். மீதிக்கு வீட்டுப் பத்திரம் அடகில்.

“பொடி வைக்க முடியாமப் போச்சு சார், அப்பத்தான் பயந்தேன்” என்றார்.

நகையில் இரண்டு துண்டுகளை இணைக்க, பற்றுப்பொடியை இம்மி இம்மியாக வைத்து ஊதுகுழலால் ஊதுவார்கள். ‘பொடி வைத்துப் பேசுகிறான்’ என்கிறோமே, அந்தப் பொடி இந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்பார்கள். கை ஒரு நெல் அகலம் நகர்ந்தாலும் வேலை கெட்டது. ஆனால் அவருக்கு நோய் கையில் தொடங்கவில்லை. 2010-ல், இடது கால் விரல்கள் மாலை நேரத்தில் உள்பக்கமாகச் சுருட்டிக்கொண்டன. தூங்கி எழுந்தால் காலையில் ஒன்றுமில்லை. எலும்பு டாக்டர், எண்ணெய்க்கட்டு, குலதெய்வம் என்று இரண்டு வருடம் போனது. பிறகுதான் ஒரு நரம்பியல் டாக்டர் அம்மா பார்க்கின்சன் என்று சொன்னார். முப்பது வயதில் அது வருமா என்று நான் கேட்டேன். அதே சந்தேகத்தில்தான் டாக்டரும் அறுவை சிகிச்சைக்கு முன்பு மரபணுப் பரிசோதனை எடுக்கச் சொல்லியிருக்கிறார். பார்க்கின் என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் ஒரே இடத்தில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதாக அறிக்கை வந்தது. பத்தரின் அம்மா கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை. அந்த அறிக்கையின் நகல் மருத்துவமனைக் கோப்பு வழியாக நிறுவனத்துக்குப் போனது. பரிசோதனை எடுக்காமல் இருந்திருந்தால் பணம் வந்திருக்கும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை.

வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அன்றிரவே படிக்க உட்கார்ந்தேன். படித்ததில் பாதி புரிந்தது. அந்தப் பாதி அறிவு எவ்வளவு ஆபத்தானது என்பது ஒரு வாரத்தில் தெரிந்தது. பார்க்கின் பழுதானால் மைட்டோகாண்ட்ரியா கெடுகிறது என்று ஒரு கட்டுரையில் இருந்தது. மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்த டி.என்.ஏ. உண்டு, அது தாயிடமிருந்து மட்டுமே வரும் என்று இன்னொன்றில் இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, ‘தாய்வழி வந்த நுண்குறை’ என்று ஆறு பக்கத்துக்கு ஒரு வரைவு தயாரித்தேன். எங்கள் டைப்பிஸ்ட் தன் பங்குக்கு, ‘பார்க்கின்’ என்று வந்த இடங்களையெல்லாம் எழுத்துப்பிழை என்று நினைத்துப் ‘பார்க்கின்சன்’ ஆக்கிவிட்டார். ‘பார்க்கின்சனின் இரண்டு பிரதிகளும் பழுது’ என்று ஒரு வரி இருந்தது. டாக்டர் அம்மா அதை வாசித்து வாய்விட்டுச் சிரித்தார்.

“சார், மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள இருக்கிற மரபணு முப்பத்தேழுதான். பார்க்கின் அதுல கிடையாது. அது நியூக்ளியஸ்ல, ஆறாவது குரோமோசோம்ல இருக்கு. அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு. ரெண்டும் கெட்டாத்தான் இந்த நோய்.”

ஆறு பக்கமும் குப்பைக்கூடைக்குப் போனது. அன்று மாலை, புறநோயாளிகள் எல்லாம் போன பிறகு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் சட்டம் படித்த காலத்தில்கூட அவ்வளவு கவனமாகக் குறிப்பு எடுத்ததில்லை.

ஒரு செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா நூற்றுக்கணக்கில் இருக்கும், சில செல்களில் ஆயிரக்கணக்கில். சாப்பாட்டை எரித்துச் செல்லுக்கு வேண்டிய சக்தியைத் தருவது அவைதான். அடுப்பு எரியும் இடத்தில் கரி பிடிக்கும். அதுபோல இவையும் நாளடைவில் பழுதாகும். பழுதானது சும்மா கிடக்காது. வீரியமான ஆக்சிஜன் துணுக்குகளைக் கசியவிட்டு அக்கம்பக்கத்தையும் கெடுக்கும். ஆகவே அதைக் கண்டுபிடித்து வெளியேற்ற வேண்டும். ஆயிரத்தில் எது கெட்டது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? நான் அவரிடம் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அதுதான்.

நல்ல மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் எப்போதும் ஒரு மின்னழுத்தம் இருக்கும். செல், பிங்க்-ஒன் என்ற புரதத்தை ஓயாமல் தயாரித்து எல்லா மைட்டோகாண்ட்ரியாவுக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மின்னழுத்தம் சரியாக இருந்தால் வாசலில் வந்த பிங்க்-ஒன்னை அது உள்ளே இழுக்கும். உள்ளே ஒரு நொதி அதை வெட்டும். வெட்டுப்பட்ட துண்டு சில நிமிடங்களில் அழிக்கப்பட்டுவிடும். அதனால் ஆரோக்கியமான செல்லில் பிங்க்-ஒன்னைத் தேடினால் கிடைப்பதே அபூர்வம். மின்னழுத்தம் போன மைட்டோகாண்ட்ரியாவால் அதை இழுக்க முடியாது. பிங்க்-ஒன் வெளி வாசலிலேயே சிக்கி நிற்கும். அடுத்ததும் வரும், நிற்கும். குவியும்.

“அமீனா சம்மன் கொண்டுபோகிற மாதிரி” என்றேன்.

டாக்டருக்குப் புரியவில்லை. விளக்கினேன். சம்மனை வீட்டில் ஆள் இருந்து வாங்கிக்கொண்டால் காரியம் முடிந்தது, வாசலில் ஒரு தடயமும் இருக்காது. வாங்க மறுத்தாலோ, தேடியும் ஆள் அகப்படாவிட்டாலோ அமீனா அதைக் கதவில் ஒட்டிவிட்டு வருவார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 5, விதி 17. தெருவில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும்.

“அதேதான்” என்றார். “ஒட்டின நோட்டீஸைப் பார்த்துட்டு ஜப்தி பண்ண வர்றவர்தான் பார்க்கின்.”

பார்க்கின் சாதாரணமாகச் செல்லுக்குள் தூங்கிக்கொண்டு மிதக்கும். வாசலில் குவிந்த பிங்க்-ஒன், யுபிக்விட்டின் என்ற சின்னஞ்சிறு புரதத்தின் அறுபத்தைந்தாவது இடத்தில் ஒரு பாஸ்பேட்டை வைக்கும். பார்க்கினிலும் அறுபத்தைந்தாவது இடத்தில் ஒன்று வைக்கும். பார்க்கின் விழித்து, அந்த மைட்டோகாண்ட்ரியாவின் மேல் யுபிக்விட்டினை வரிசை வரிசையாக ஒட்டும். ஒட்டியதன் மேல் பிங்க்-ஒன் மறுபடி பாஸ்பேட் வைக்கும். அது இன்னும் பல பார்க்கின்களை அழைக்கும். கொஞ்ச நேரத்தில் மேலெல்லாம் முத்திரை. பிறகு இரட்டைச் சவ்வுப் பை ஒன்று உருவாகி அதை முழுதாகச் சுருட்டி, லைசோசோம் என்ற அமிலப் பையோடு சேர்க்கும். அங்கே எல்லாம் கரையும். கரைந்த பொருளைச் செல் மறுபடி உபயோகிக்கும். அந்தச் சுருட்டும் வேலைக்குப் பின்னிருக்கும் மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டுபிடித்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு நோபல் பரிசு அறிவித்ததும் அதே 2016 அக்டோபரில்தான். பத்தரின் மறுப்புக் கடிதத்தை வாசித்த மாதத்தில் அந்தச் செய்தியையும் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் கண்டது!

பார்க்கின் மரபணுவையும் ஜப்பானியர்கள்தான் 1998-ல் கண்டுபிடித்தார்கள், இளவயதிலேயே நோய் வந்த குடும்பங்களை வைத்து. பிங்க்-ஒன் 2004-ல் வந்தது. இரண்டுக்கும் உறவு உண்டு என்று 2006-ல் பழ ஈக்கள் சொல்லின. பிங்க்-ஒன் இல்லாத ஈயின் பறக்கும் தசை சிதைந்தது. அதற்குப் பார்க்கினைக் கூடுதலாகக் கொடுத்தால் தசை தேறியது. பார்க்கின் இல்லாத ஈக்குப் பிங்க்-ஒன்னைக் கூட்டிக் கொடுத்தால் பயனில்லை. யார் முன்னால், யார் பின்னால் என்பது இப்படி நிலைநாட்டப்பட்டது. சாட்சிகளின் வரிசையை இதைவிடச் சுத்தமாக நிரூபித்து நான் பார்த்ததில்லை. 2008-ல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் ரிச்சர்ட் யூலின் ஆய்வகம், ஒரு ரசாயனத்தால் மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தைக் கொன்றுவிட்டு, பார்க்கின் அங்கே போய்க் குவிவதைக் கண்ணால் கண்டது.

அடுத்த முறை பத்தர் வந்தபோது என் குறிப்பேட்டைப் பார்த்து இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

“மூசை இருக்கு, நெருப்பு இருக்கு. எது மாத்துக் குறைஞ்சதுன்னு முத்திரை போட்டு எடுத்துக் குடுக்கிற ஆள் இல்ல. அம்புட்டுத்தானே சார்?”

அவ்வளவுதான். பட்டறையைக் கூட்டிய குப்பையைக்கூட வீசாமல், அரித்துத் தங்கத்தூள் எடுப்பவர்களுக்கு விற்கும் தொழில் அவருடையது. செல்லுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள அவருக்கு என் அமீனா தேவைப்படவில்லை.

எனக்குச் சங்கடம் வேறு இடத்தில் வந்தது. ‘இது மரபணு நோய் அல்ல’ என்று பிரமாண வாக்குமூலத்தில் ஒரு வரி போடச் சொல்லி டாக்டரிடம் கேட்டேன். போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். “மரபணுவாலதான் வந்தது. பொய் எழுத மாட்டேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா மரபணு வேற, நோய் வேற. அதைக் கேளுங்க, எழுதித் தர்றேன்” என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் வழக்கு. பார்க்கின் மரபணுவை நீக்கிய எலிகளை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களுக்கு வருவதுபோன்ற பார்க்கின்சன் அவற்றுக்கு வரவில்லை. பெரிய குறையில்லாமல் வாழ்ந்தன. 2015-ல் வந்த ஓர் ஆய்வில், மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும் எலிகளில் பார்க்கினையும் நீக்கினார்கள். அப்போதுதான் மூளையின் கரும்பகுதியில் டோபமைன் சுரக்கும் நரம்புச் செல்கள் செத்தன. காவலாளி இல்லாத வீட்டில் எல்லாம் திருட்டுப் போய்விடுவதில்லை. திருடனும் வர வேண்டும். இந்தக் கரும்பகுதிச் செல்கள் ஒவ்வொன்றுக்கும் கிளைகள் ஏராளம். தூண்டுதல் இல்லாமலே ஓயாமல் துடிப்பவை. சக்தியைத் தின்று தீர்ப்பவை. மைட்டோகாண்ட்ரியா அங்கேதான் அதிகம் அடிபடும். பத்தருக்கு வருடக்கணக்கில் சேர்ந்தது அந்த அடி. பிறக்கும்போது அவரிடம் இருந்தது ஒரு குறை. நோய் பின்னால் வந்தது.

செல்லே அப்படித்தான் தீர்ப்புச் சொல்கிறது என்பதை எழுத்துமூல வாதத்தில் ஒரு பத்தியாக வைத்தேன். எந்த மைட்டோகாண்ட்ரியா யாரிடமிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை. இன்றைக்கு உனக்கு மின்னழுத்தம் இருக்கிறதா, வாசலில் வந்ததை உள்ளே இழுக்க முடிகிறதா என்று மட்டும் பார்க்கிறது. பிறப்பைப் பார்த்து விலக்குவது காப்பீட்டு நிறுவனம்தான். எனக்கே கொஞ்சம் கர்வம் கொடுத்த பத்தி.

1982-ல் கலிபோர்னியாவில் நடந்ததையும் சேர்க்க நினைத்தேன். கள்ளத்தனமாகத் தயாரித்த ஹெராயினில் எம்.பி.டி.பி. என்ற மாசு கலந்திருந்தது. அதை ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிலர் சில நாட்களில் சிலைபோல் உறைந்துபோனார்கள். அந்த விஷம் போய்த் தாக்கியது இதே செல்களின் மைட்டோகாண்ட்ரியாவைத்தான். மரபணுவில் குறையே இல்லாமல் இதே நோய்த்தோற்றம் வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. என் ஜூனியர் தடுத்தார். “சார், போதை ஊசிக்குத் தனி விலக்குப் பிரிவு இருக்கு” என்றார். எடுத்துவிட்டேன்.

புகாரைத் தாக்கல் செய்தது 2017-ல். ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டனில் இந்த நோயை விவரித்து எழுதி அது இருநூறாவது வருடம். மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் கூண்டேற்றிக் குறுக்கு விசாரணை செய்வது அபூர்வம். வாக்குமூலமும் எழுத்துக் கேள்வி பதிலும்தான். எதிர்த்தரப்பு வக்கீல் என் நண்பர், கெட்டிக்காரர். அவர் மரபணுவைவிட இரண்டாவது காரணத்தைத்தான் இறுகப் பிடித்தார். மருத்துவமனைக் கோப்பில் ஒரு பயிற்சி டாக்டர் ‘பத்து வருடமாகக் காலில் பிடிப்பு’ என்று எழுதி வைத்திருந்தார். 2016-ல் பத்தைக் கழித்தால் 2006. பாலிசி எடுத்தது 2008. பத்தர் ‘அஞ்சாறு வருசமா’ என்றுதான் சொல்லியிருக்கிறார். எழுதிக்கொண்டவர் காதில் அது எப்படி விழுந்ததோ! இந்த ‘எத்தனை வருடமாக’ என்ற ஒரு வரியால் எத்தனையோ குடும்பங்கள் மன்றப் படியேறியிருக்கின்றன.

போதாக்குறைக்கு, ஒரு வாய்தாவுக்குப் பத்தரின் அம்மா துணைக்கு வந்திருந்தார். எழுபது வயது. டீ டம்ளரைப் பிடித்த கை ஆடியது. நண்பர் அதைப் பார்த்துவிட்டார். உள்ளே போய், “மைட்டோகாண்ட்ரியா தாய்வழி வருவது, தாய்க்கும் நடுக்கம் இருக்கிறது, குடும்ப வரலாற்றையும் மறைத்திருக்கிறார்கள்” என்று வாதிட்டார். நான் கிழித்துப்போட்ட அதே ஆறு பக்கம்! ஆறாவது குரோமோசோமை எழுந்து நின்று சொன்னபோது நான் ஏதோ பிறந்ததிலிருந்தே அதை அறிந்தவன்போல் பேசினேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு பிரதி மட்டும் பழுதான தாய்க்கு இந்த நோய் வர வேண்டியதில்லை, முதுமையில் கை நடுங்கக் காரணங்கள் ஆயிரம் என்று டாக்டரின் வாக்குமூலத்தில் இருந்தது.

நண்பர் விடவில்லை. “அறிகுறி தெரியும்போதே செல்கள் கணிசமாக இறந்திருக்கும் என்று இவர்கள் டாக்டரே சொல்கிறார். அப்படியானால் நோய் எப்போது ஆரம்பித்தது?” நல்ல கேள்வி. அதற்குத் தேதி போட யாராலும் முடியாது. ஆனால் தேதி போட வேண்டிய பொறுப்பு விலக்கைக் கோருகிற நிறுவனத்துடையது.

அப்புறம் கையெழுத்துகள். நிறுவனம் தாக்கல் செய்த ஆவணக் கட்டை ஓர் இரவு புரட்டிக்கொண்டிருந்தேன். 2008 முன்மொழிவுப் படிவத்தில் பத்தரின் கையெழுத்து கட்டத்தை மீறி, வால் சுழித்து, தாராளமாக இருந்தது. 2009 புதுப்பிப்பிலும் அப்படியே. 2011-ல் கட்டத்துக்குள் அடங்கிவிட்டது. 2013-ல் முதலெழுத்து பெரிதாகத் தொடங்கிப் போகப்போகச் சிறுத்து, கடைசி எழுத்து எறும்பு அளவு. எழுத்து சிறுத்துக்கொண்டே போவது பார்க்கின்சனின் அறிகுறிகளில் ஒன்று. டாக்டர் என்றோ போகிறபோக்கில் சொன்னது. நோயின் நாட்குறிப்பை எதிர்த்தரப்பே வருடவாரியாகப் பத்திரப்படுத்தி, சான்றாவணமாகக் குறியீடும் வாங்கி வைத்திருந்தது. அவற்றை வரிசையாக அடுக்கித் தலைவர் முன் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை.

வாதம் முடிவதற்குள், 2018 பிப்ரவரியில், இதயத்தசை தடிக்கும் நோய் கொண்ட ஒருவரின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், மரபணுக் கோளாறு என்று மொத்தமாக விலக்குவது அரசியலமைப்பின் 14-வது பிரிவுக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. நகலைத் தாக்கல் செய்தேன். அதன் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றவில்லை. நல்லதாகப் போயிற்று, அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதியை அதே வருடம் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

எங்கள் உத்தரவு ஜூலையில் வந்தது. ஐந்து லட்சமும் வட்டியும் வழக்குச் செலவும். பாலிசியில் ‘மரபணுக் கோளாறு’ எது என்று வரையறுக்கப்படவில்லை, பொருள் மயங்கும் ஷரத்தை எழுதியவருக்கு எதிராகவே படிக்க வேண்டும் என்பது ஒரு காரணம். முன்பே நோய் இருந்ததாக நிறுவனம் நிரூபிக்கவில்லை, கையெழுத்துகள் மாறானதையே காட்டுகின்றன என்பது இன்னொன்று. பிங்க்-ஒன், பார்க்கின், எலி, ஈ, கதவில் ஒட்டிய நோட்டீஸ், என் கர்வப் பத்தி எல்லாவற்றுக்குமாக ஒரே வரி: ‘மருத்துவ நுணுக்கங்களுக்குள் இம்மன்றம் செல்லத் தேவை எழவில்லை.’ டாக்டரிடம் போனில் வாசித்துக் காட்டினேன். மறுபடி சிரித்தார். நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. காசோலை வந்தது, வீட்டுப் பத்திரம் மீண்டது.

பத்தர் இப்போது நுண்வேலை செய்வதில்லை. நடுக்கம் அடங்கினாலும் பழைய லாவகம் திரும்பவில்லை. உரைகல்லில் தேய்த்து மாற்றுச் சொல்ல உட்காருகிறார். 2019-ல் ஒரு நாள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பதினாறு வயது. கையில் அவளுக்கான காப்பீட்டுப் படிவம். குடும்பத்தில் யாருக்காவது பரம்பரை நோய் உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது.

“என்ன எழுத சார்?”

பத்தர் கட்டியதும் சொந்தத்தில்தான், அத்தை மகளை. அவரிடமிருந்து ஒரு பழுதான பிரதி மகளுக்கு நிச்சயம் போயிருக்கும். அம்மாவிடமிருந்து போயிருப்பது நல்லதா, பழுதா என்று பரிசோதித்தால்தான் தெரியும். பரிசோதிக்கலாமா என்று கேட்டார். அது டாக்டர் அம்மாவும், பதினெட்டு ஆன பிறகு இவளும் முடிவு செய்ய வேண்டியது என்றேன்.

“எடுத்தா அந்தக் காகிதம் வீட்டுக்குள்ள கெடக்கும்ல சார். நாளைக்கு இவகிட்டக் கேப்பாய்ங்கள்ல?”

கேட்பார்கள். இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

“இதை எழுதுங்க பத்தரே. உங்களுக்கு இருக்கிறதை எழுதுங்க. மறைச்சோம்னு ஒருத்தன் சொல்ல இடம் வேண்டாம்.”

என் பேனாவை வாங்கிக் குனிந்து எழுதினார். ‘தகப்பனாருக்கு’ என்ற சொல் பெரிதாக விழுந்தது. ‘பார்க்கின்சன்’ என்று முடிப்பதற்குள் எழுத்து கடுகாகிவிட்டது. அந்தப் பெண் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, அப்பாவின் எழுத்துக்கு மேலேயே அந்தச் சொல்லைத் தெளிவாக இன்னொரு முறை எழுதினாள்.